அண்ணன் கையில் நின்றுபோன வாட்ச்

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு கல்யாண மொய் உறையின் மேல் பெயர் எழுதுவதோடு சரி. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், சொன்னதையே திரும்பச் சொல்வேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனின் தலைத்திவசத்துக்கு நினைவு மலர் போடுகிறோம், கூடவே இருந்தவர் நீங்கள்தான், நீங்களே எழுதுங்கள் அத்தை என்று என் மருமகன் பெங்களூரிலிருந்து போனில் கேட்டான். அண்ணனுக்கு அவன் ஒரே மகன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான், என்னால் ஆகாது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு அவன் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னான். அன்று சாயங்காலமே நான் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் கட்டியிருந்த ஆட்டோமேட்டிக் வாட்ச் இப்போது அவன் கையில் இருக்கிறது. அது பின்னால் போகிறதாம். சில நாள் காலையில் நின்றும் கிடக்கிறதாம்.

அண்ணன் கையில் அந்த வாட்ச் நிற்க ஆரம்பித்தபோது, வீட்டில் எல்லோரும் வாட்சைத்தான் பார்த்தோம். கையை யாரும் பார்க்கவில்லை. அண்ணனின் நோய் அந்த வாட்சுக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அந்தக் கதையை என் மருமகன் முழுதாகக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது உடன்குடிப் பக்கம் எங்கள் ஊரில். சுற்றிலும் பனங்காடு. அப்பா கருப்பட்டி வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரி. பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். அண்ணன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மார்வலியில் போய்விட்டார். கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிய லாரியில் சிப்பத்தின் மேலேயே உட்கார்ந்து அண்ணன் தூத்துக்குடிக்கு வந்தார். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அரிசி, காய்கறி, ஆட்டுக்கறி, சோப்பு, கயிறு என்று கப்பல்காரன் எதைக் கேட்டாலும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். துறைமுகத்துக்குள் நிற்கிற கப்பலில் படி வைத்து ஏறலாம். வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்கு லாஞ்சு என்ற மோட்டார் படகில் போய் நூலேணி பிடித்துத்தான் ஏற வேண்டும். அந்த வேலையைச் செய்துதான் என்னைக் கட்டிக்கொடுத்தார், அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தார், பிறகு சொந்தமாக அதே தொழிலைத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் காலமானபின் என்னையும் தன் வீட்டு மாடிக்கு அழைத்து வந்துவிட்டார். ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

கப்பல்காரர்கள் பழுதான வாட்சுகளை அண்ணனிடம் கொடுப்பார்கள், வைத்துக்கொள் என்று. அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றார்.

"அவிய கொன்ன வாட்சுக்கெல்லாம் திவசம் குடுக்கணும்னா வருசம் பூரா ஐயரு நம்ம வீட்டுலதான் இருக்கணும்" என்பார் மதினி, அண்ணனின் மனைவி.

"கொன்னாத்தானளா உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்பார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்காருவார். வாட்சின் பின்மூடியை ஒரு ரப்பர் பந்தை வைத்து அழுத்தித் திருகினால் கழன்றுவிடும். உள்ளே முடி போல ஒரு சுருள் கம்பி, அதன் பக்கத்தில் ஒரு குட்டி ஊசி. அதை ஒரு பக்கம் தள்ளினால் வாட்ச் வேகமாக ஓடும், மறுபக்கம் தள்ளினால் மெதுவாகும். இரும்பு பட்டால் காந்தம் ஏறும் என்று விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி வைத்து அதால்தான் தள்ளுவார். தள்ளுவது என்றால் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு.

பிறகு பரிசோதனை. போனில் ஓடும் மணியோடு நொடி முள்ளைச் சேர்த்து, ஒரு நாள் மல்லாக்கப் போட்டு வைப்பார். மறுநாள் குப்புற. அடுத்த நாள் டம்ளருக்குள் நிற்க வைப்பார். படுத்தால் ஒரு ஓட்டம், நின்றால் ஒரு ஓட்டமாம். எல்லாம் ஒத்து வந்தபின் கையில் கட்டிப் பார்ப்பார். மேசையில் என்ன சரியாக ஓடினாலும் கையில் ஓடுவதுதான் கணக்கு என்பார். இந்த ஆட்டோமேட்டிக் வாட்சுக்குச் சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே அரை நிலா மாதிரி ஒரு தகடு இருக்கிறது. நம் கை ஆட ஆட அது சுற்றும், அது சுற்றச் சுற்றச் சாவி ஏறும். ஒரு கிரேக்கக் கப்பல் இன்ஜினியர் கொடுத்தது அது. அண்ணன் அதை ரேடியோ மணிக்கு ஒத்துப்போகும்படி வைத்திருந்தார்.

ஒரு நாள் அண்ணன் லாஞ்சைத் தவறவிட்டார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வாட்ச் பின்னால் போயிருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து ஊசியை வேகத்தின் பக்கம் மயிரிழை தள்ளினார். அடுத்த வாரமும் பின்னால் போனது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு காலையில் எழுந்து பார்த்தால் நின்றிருந்தது. கையில் எடுத்ததும் ஓடத் தொடங்கியது. கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டார். காந்தம் ஏறியிருக்குமோ என்று கப்பல்காரர் கொடுத்த திசைகாட்டியை மேலே பிடித்துப் பார்த்தார், அதன் முள் அசையவில்லை. மருமகன் போனில் ஒன்றை இறக்கிக் கொடுத்திருந்தான், அது வாட்சின் துடிப்பைக் கேட்டுக் கோடு போடும். அதிலும் சாவி ஏற்றிப் பார்த்தால் கோடு நேராக வந்தது.

"வாட்சுக்கு ஈசிஜி எடுக்காவ பாருங்க" என்று மதினி கேலி செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நின்ன வாட்ச் வீட்டுல இருக்கக் கூடாதும்பாவ. குடுத்துருங்களேன் யாருக்காவது" என்றார்.

"வாட்சுல ஒண்ணுமில்லளா. நீ கொஞ்சம் கட்டிப் பாரு."

மதினி கட்டினார். மாவாட்டி, துணி துவைத்து, மார்க்கெட்டுக்குப் போய்வந்து, படுக்கிறபோது கழற்றி வைத்தார். காலையில் அது ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னாலும் போயிருந்தது, அண்ணன்தான் ஊசியைத் தள்ளியிருந்தாரே. திரும்ப அண்ணன் கட்டினார். மறுநாள் காலையில் நின்றது.

சில பேர் உடம்புக்கு வாட்ச் ஓடாது என்று நம் பக்கம் சொல்வார்கள். உடம்பில் கரண்ட் கூடுதல் என்பார்கள், சூடு என்பார்கள். நாங்களும் அப்படித்தான் முடிவு செய்தோம். வெயிலில் கப்பலுக்கும் கடைக்கும் அலைகிற உடம்புதானே. மதினி நுங்கும் பதநீரும் வாங்கி வாங்கிக் கொடுத்தார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டார். இடது தோள் இறுக்கமாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னதால் அங்கே கூடுதலாகத் தேய்த்தார். அதையும் சூட்டுப் பிடிப்பு என்றோம். கை ஆடவில்லை என்று அவருக்கு எப்படித் தோன்றும்? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடுகிற மனுஷன். ஓடுகிறவர் கை ஆடாமலா இருக்கும் என்றுதான் எங்களுக்கும் இருந்தது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் மதினி நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார். மாடியில் இருந்த எனக்கே மூக்கைத் துளைத்தது. அண்ணன் அடுப்படி வாசலில் நின்று, "என்னளா இன்னைக்கு, ஒரு வாசமும் காணோம், சமைக்கலயா?" என்றார்.

"ஆமா, பட்டினி போடுதேன்" என்றார் மதினி. எல்லோரும் சிரித்தோம்.

கடைசியில் அண்ணன் வாட்சை வலது கைக்கு மாற்றிக் கட்டினார். உடனே சரியாகிவிட்டது! நிற்கவில்லை, பின்னால் போகவில்லை. அண்ணனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏளா, கரண்டு இடது கையிலதான் இருந்திருக்கு" என்று என்னிடம் மாடிப்படி ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அன்று பாயசம் வைத்தோம்.

சொந்தத்தில் ஒரு கல்யாணம் திருச்செந்தூரில் நடந்தது. மண்டபத்தை நோக்கி அண்ணன் முன்னால் நடந்தார், நாங்கள் பெண்கள் பின்னால் போனோம். வலது கை வீசிப் போகிறது, இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது.

"என்ன மாப்பிள்ளை முறுக்கா? ஒரு கைய மட்டும் வீசி நடக்கிய" என்று மதினி கேட்டார்.

அண்ணன் திரும்பிப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்தவன் ரெண்டு கையையும் வீசினா அடக்கமில்லாதவன்னு சொல்லிருவாவ" என்றார். உடனே இரண்டு கையையும் வீசி நடந்து காட்டினார். நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்தால் வீசினார். கொஞ்ச தூரம் போனதும் இடது கை பழையபடி ஒட்டிக்கொண்டது. அந்தக் கை நடந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்து வாட்ச் வலது கையிலும் பின்னால் போக ஆரம்பித்தது. இந்தத் தடவை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. ஊசியை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தார். தள்ளித் தள்ளி அது ஓரத்துக்கே போய்விட்டது.

பிறகு ஒரு நாள் லாஞ்சு ஓட்டுகிற அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். சின்ன வயதில், தன் அப்பா கடலுக்குள் சங்கு குளிக்க இறங்கும்போது மேலே தோணியில் கயிறு பிடித்தவர் அவர். அவர் பின்னால் அண்ணன் நனைந்த சட்டையோடு நின்றார். அண்ணாச்சி உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று மதினியிடம் பேசினார்.

"யக்கா, இனி மொதலாளிய கப்பலுக்கு விடாதிய."

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"ஏணில பாதி ஏறிட்டாவ. வலது கைய மேல்படியில வச்சாச்சு. இடது கை கீழ்ப்படியிலயே இருக்கு. கைய எடுங்க மொதலாளி, கைய எடுங்கன்னு கீழருந்து கத்துதேன். எடுத்துட்டேன்லேன்னு சொல்லுதாவ. எடுக்கலக்கா. கை அங்ஙனயே இருக்கு. அவியளுக்கு எடுத்துட்டதா நெனப்பு."

"சும்மா கெடவும்வே. கயிறு நனைஞ்சிருந்திச்சி, வழுக்கிட்டு" என்றார் அண்ணன்.

"வழுக்கினா கை கீழ வரும் மொதலாளி. ஒங்க கை எங்கயும் வரல." அவர் மதினியைப் பார்த்தார். "இடுப்பப் பிடிச்சு எறக்குனேன். இல்லன்னா லாஞ்சுக்கும் கப்பலுக்கும் எடையில விழுந்திருப்பாவ."

மதினி அண்ணனின் இடது கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். விட்டார். அது மெதுவாக, பிடித்த இடத்திலிருந்து யோசித்து யோசித்து இறங்கியது.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் அண்ணனை நீளமான வராந்தாவில் நடந்துபோய் வரச் சொன்னார். நானும் மதினியும் பெஞ்சில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்தோம். இப்போது இரண்டு கையும் ஆடவில்லை. கொடியில் காயப்போட்ட சட்டையின் கைகள் காற்றில்லாத நேரத்தில் தொங்குமே, அப்படித் தொங்கின.

"கை வீசாம நடக்கிறது எவ்வளவு நாளா இருக்கு?" என்று டாக்டர் எங்களைக் கேட்டார்.

அண்ணன்தான் வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். "இடது கைனா மூணு வருசம் ஆகுது. வலது கை இந்த மழைக்குப் பொறவு. இந்த வாட்ச் என்னைக்கு நின்னுதோ அன்னையிலருந்து கணக்கு வச்சுக்கிடுங்க டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "அதுக்கு முன்னாடியே தொடங்கியிருக்கும் அய்யா. மூக்குல வாசம் தெரியுதா?" என்றார்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். கருவாடு வறுத்த நாள்தான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

நடுக்குவாதம், நடுக்கம் வருமுன்னே சிலருக்கு வாசம் போகும், கை இறுகும் என்றார் டாக்டர். குணப்படுத்த மருந்து இல்லை, கட்டுப்பாட்டில் வைக்க மாத்திரை உண்டு. முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் சில வருஷம் நன்றாக நடமாடியிருக்கலாம் என்றார். பிள்ளைகளுக்கு வருமா என்று மதினி கேட்டார். பெரும்பாலும் வராது, அபூர்வமாகச் சில குடும்பங்களில் வரலாம், பயப்பட வேண்டாம் என்றார். அந்த அபூர்வமாக என்ற சொல் அன்று எங்கள் காதில் சரியாக ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அண்ணன் அழவில்லை. வாட்சை எடுத்து வைத்துக்கொண்டு, "பாவம், இதப் போட்டு என்ன பாடு படுத்திட்டேன்" என்றார். ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். இப்படியே விட்டால் நல்ல கையில் ஏறும்போது வாட்ச் பறக்கும். ஆனால் அவர் விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. ஈர்க்கு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதனால் மதினியை உட்காரவைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"பின்னுக்கு. மயிரிழை."

"தலையில ஒத்த மயிரு இல்ல, மயிரிழைங்காவ." மதினி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணில் தண்ணீர் ஓடியது.

"மூச்ச விடாத. ம். போதும். போதும்ளா!"

பல ஞாயிறு ஆனது. மல்லாக்கப் போட்டு, குப்புறப் போட்டு, டம்ளரில் நிறுத்தி, எல்லாம் மதினிதான் செய்தார். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். வாட்ச் மறுபடி மணிக்கு ஒத்து வந்ததும் அதை மதினி கையிலேயே கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாட்ச் எதையும் தொடவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் எழுத்து சிறுத்தது, பிறகு குரல் சிறுத்தது. முகத்தில் சிரிப்பு வருவது நின்றது, ஆனால் உள்ளே சிரிக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். புரண்டு படுக்க, எழுந்து உட்கார, ஒரு வாய் கஞ்சி விழுங்க எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. தண்ணீரும் சோறும் புரையேறிப் புரையேறி நெஞ்சில் சளி கட்டியது. போன வருஷம் மழை கொட்டிய ஒரு விடியற்காலையில் மதினி மடியில் அண்ணனின் மூச்சு அடங்கியது. அத்தனை வருஷமும் மதினி கையில் அந்த வாட்ச் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்தக் கை ஓய்ந்தால்தானே நிற்கும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஞாயிறு தவறாமல் வந்து சவரம் செய்துவிட்டு, அண்ணனைத் தோளில் சாய்த்துக் கடற்கரை வரை நடத்திக் கூட்டிப்போன லாஞ்சு அண்ணாச்சி முதல் ஆள். கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் பிள்ளை, உண்மையை மறைக்காமல் சொன்ன டாக்டர், மழையில் நனைந்து பாடை சுமந்த தெருக்காரர்கள், அடுப்பு பற்றாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் கைகூப்புகிறேன். மதினிக்கு நன்றி சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

காரியம் முடிந்த அன்று மதினி அந்த வாட்சைக் கழற்றி மகன் கையில் கட்டிவிட்டார். அப்பா ஞாபகமாக இருக்கட்டும் என்று. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

போனில் அவன் சொன்னது இதுதான். "அத்தை, அப்பா வாட்ச் பின்னால போகுது. கடையில குடுத்துப் பாத்தேன், ஒண்ணுமில்லங்கான்."

"தோள் எதும் வலிக்காப்பா?"

"நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கேன். வலிக்காம இருக்குமா?"

"கருவாடு வாசம் தெரியுதா?"

அவன் சிரித்தான். "பெங்களூர் பிளாட்ல ஏது அத்தை கருவாடு?"

நாள் பூரா உட்கார்ந்திருக்கிறவன் கையில் ஆட்டோமேட்டிக் வாட்ச் நிற்கத்தான் செய்யும் என்று லாஞ்சு அண்ணாச்சியும் சொல்கிறார். அப்படியே இருக்கட்டும். டாக்டரிடம் ஒரு தடவை காட்டு என்றேன், சரி சரி என்றான். போன வாரம் பேசும்போது சொன்னான், வாட்சை வைத்தால் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி வாங்கிவிட்டானாம். கழற்றி அதற்குள் வைத்துவிட்டால் சாவி ஏறிவிடுமாம். "இனி நிக்கவே நிக்காது அத்தை" என்றான். இனி அவன் கை ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்த வாட்ச் சரியாகத்தான் ஓடும்.

மதினியிடம் நான் இதைச் சொல்லவில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். மன்னிக்க வேண்டும்.

ஊர், வயது, எந்த வருஷம் என்ன நடந்தது என்பதில் நான் தவறாக எழுதியிருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்காக இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை, தூரத்தில் போகிற ஆளின் கை தெரிவதில்லை. திவசத்தன்று அவன் உங்கள் நடுவில்தான் நடமாடுவான். இதை முன்னாலேயே படித்திருப்பான், அதனால் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்றே கை வீசி நடப்பான். அப்போது பார்க்காதீர்கள். பந்தியில் சாப்பிட்டு எழுந்து, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கை கழுவப் போவான். அந்த நேரம் மறந்திருப்பான். பின்னால் நின்று அவன் இடது கையைப் பாருங்கள். பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் சமையல்கட்டுப் பக்கம் இருப்பேன்.